பொறிக்குத் தமிழ் தெரியுமா?

மக்கள் உள்ளத்தை அளக்கும் பொறிகள் பெருகிவரும் காலம் இது. இணையத்தில் பல்லாயிரவர் எழுதும் கருத்துகளைக் கணிப்பொறி விரைந்து படித்து, இஃது உவப்பு, இது வெறுப்பு, இஃது இரண்டும் கலந்தது எனத் தரம் பிரிக்கின்றது. மாந்தர் முன்னரே பிரித்துக் குறியிட்டுக் கொடுத்த எடுத்துக்காட்டுகளே அதற்குப் பாடம். நீர், காற்று, மலை, காடு பற்றிய மக்கள் கருத்தை அறியவும் ஆய்வாளர் இம்முறையைக் கையாள்கின்றனர். நன்று! ஆனால், எம்மொழியில் அளக்கின்றனர்?

மேலூர்ப் பகுதியை எண்ணிப் பார்க்க. தமிழிக் கல்வெட்டைத் தாங்கி நிற்பது அரிட்டாபட்டி மலை. 2022-இல் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பெற்றது அவ்வூர். அப்பகுதியை உள்ளடக்கி டங்சுடன் தோண்டும் ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானதும் ஊரவைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. திசம்பர் 9-இல் தமிழகச் சட்டமன்றமும் எதிர்த்தது. 2025 சனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கி உழவர் பெருந்திரள் நடந்தது. சனவரி 23-இல் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. மேலூர் முதல் திருநகர் வரை ஐயமின்றி விளங்கிய அவ்வுணர்வைப் பொறி அறியுமா?

அரிது. தமிழுணர்வைக் கணிக்கவென 2020-இல் ஆய்வாளர் தொகுத்து வெளியிட்ட கருத்துகள் 15,744. அவை எங்கிருந்து வந்தவை? திரைப்பட முன்னோட்டங்களின்கீழ்ச் சுவைஞர் எழுதியவை; ஆங்கிலம் கலந்தவை; பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அமைந்தவை! குறை ஆய்வாளருடையதன்று, தமிழர் எழுதியதைத்தானே அவர் தொகுக்க இயலும்? நடிகரைப் போற்றும் சொற்களைப் பயின்ற பொறிக்குக் கண்மாய்க்கும் மடைக்கும் வருந்துவோர் சொல் எங்ஙனம் விளங்கும்? "வயிறு எரிகிறது" என மேலூர்க் கிழவி கூறின், அது நோயோ, நெருப்போ எனப் பொறி திகைக்கும். எழுதாமல் நடந்தே எதிர்ப்பைக் காட்டியோர் அதன் கணக்கில் வரவே மாட்டார்.

இது வெற்றச்சமன்று. 2020-இல் சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிடப்பெற்றது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30-இல் ஆணையிட வேண்டியிருந்தது. கேள்வி தமிழில் இல்லாதிருந்தது அன்று. விடையும் தமிழில் எண்ணப்படாதுபோமாயின் நாளை எஞ்சுவது யாது?

தமிழிளைஞர் தம் மண்ணைப் பற்றித் தமிழெழுத்தில், கலப்பில்லாமல் எழுதுக. ஊரவைத் தீர்மானங்களையும் உழவர் முறையீடுகளையும் பல்கலைக்கழகங்கள் தொகுத்துப் பொறிக்குப் பாடமாக்குக. பொறி தரும் எண்ணையே மக்கள் குரலென ஆள்வோர் கொள்ளற்க. மொழி எண்ணப்படாத இடத்தில் மக்களும் எண்ணப்படார்!