மரத்துக்கு எதற்கு மார்பிள் கட்டர்?

லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று ஆலைகள் நிற்கும் சென்னைப் பாடியில் கருவி பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எப்போதாவது வீட்டுக்கு ஒரு ஷெல்ஃப், ஒரு ஷூ ஸ்டாண்டு செய்ய ஆசைப்படுகிறவருக்கு இங்கேயும் கிடைக்கிற முதல் யோசனை, "மார்பிள் கட்டர் வாங்கி, மர பிளேடை மாட்டிக்குங்க சார்" என்பதுதான். விலை குறைவு. 19 மி.மீ. ப்ளைவுட்டை அறுத்தும் விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கல்லுக்காகச் செய்த அந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும், மரத்துக்கென்றே உள்ள 185 மி.மீ. சர்க்குலர் சா சுற்றுவது 5,000-ஐ ஒட்டித்தான். அதைவிட முக்கியம், சர்க்குலர் சாவில் பிளேடின் அடிப்பாதியை மூடும் ஸ்பிரிங் கார்டு உண்டு. மரத்தைவிட்டு எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் பல் வெளியே தெரிய, சுவிட்சை அணைத்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். தினமும் பிடிக்கிற ஆசாரிக்குக் கை பழகியிருக்கும். வருஷத்தில் இரண்டு தடவை எடுப்பவருக்குத்தான் அந்த மூடி அவசியம்.

ஆகவே சர்க்குலர் சாவே வாங்குங்கள். அதில் பேட்டரி மாடலுக்கு ஆசைப்பட வேண்டாம்; சும்மா கிடந்தே பேட்டரி கெடும். ஒயர் வைத்ததை வாங்கி, மிச்சப் பணத்தில் 40 பல் டிசிடி பிளேடு ஒன்று எடுங்கள். பெரும்பாலும் கூடவே வருகிற 24 பல் பிளேடு ப்ளைவுட்டின் ஓரத்தைப் பிய்த்துவிடும். பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள் (சுவிட்சை நம்புகிற வேலையே வேண்டாம்). செய்யப்போவது இரண்டே இரண்டு தட்டுதான் என்றால், ப்ளைவுட் கடையிலேயே அளவு சொல்லி அறுத்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.