கார் இன்ஷூரன்ஸும் ஓட்டுகிறவர் குணமும்

கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி இந்த மாதம் நோட்டீஸ் வந்தது. என்னுடையது பத்து வருஷத்து மாருதி, 1,197 சிசி. தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,000 சிசியைத் தாண்டி 1,500 வரை உள்ள எந்தச் சொந்த உபயோகக் காருக்கும் இதே தொகைதான். 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு வைத்த விகிதம் இது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பையனிடமும் இதே மாடல் கார் இருக்கிறது. கேம்ப் ரோடு சிக்னலில் மஞ்சள் விழுந்தால்தான் அவனுக்கு வேகமே பிறக்கும். நானோ வாரம் இரண்டு தடவை சண்முகம் சாலைக்குக் காய்கறி வாங்கப் போவதோடு சரி. இருவருக்கும் அதே 3,416 ரூபாய். இன்ஜின் எவ்வளவு பெரிது என்று கேட்கும் சட்டம், ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வேக டிக்கெட் வாங்கினாலே அடுத்த பிரீமியம் ஏறிவிடும் என்பார்கள்.

"அதற்குத்தான் நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறதே" என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். வீட்டு வாசலில் நிறுத்திய காரைத் தண்ணீர் லாரி உரசிவிட்டுப் போய், நான் அதற்கு கிளெய்ம் செய்தால் என் போனஸ் போய்விடும். ஒருவன் நடந்து போகிறவரை இடித்துத் தள்ளுகிறான், தன் காருக்கு எதுவும் கேட்கவில்லை என்றால் அவன் போனஸ் அப்படியே இருக்கும். இதில் என்ன நியாயம்?

போனஸ் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் செய்தால் பூஜ்ஜியம்; பிறகு 20, 25, 35, 45 என்று படியேறி மறுபடி 50. ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பழைய இடத்துக்கு வருவதற்குள் மொத்தம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்போம். ஆறாயிரம் ரூபாய் பம்பருக்கு கிளெய்ம் செய்யாதீர்கள். அதிலும் முதல் ஆயிரம் நம் தலையில்தான்.

இதை மாற்ற ஒரு யோசனை வராமல் இல்லை. 2021 ஜனவரியில் ஐஆர்டிஏஐ அமைத்த குழு, போக்குவரத்து விதிமீறலுக்குத் தனி பிரீமியம் வாங்கலாம் என்று சொன்னது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்ற மாதிரி. புள்ளி ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த யோசனைப்படி புள்ளி வண்டியின் சொந்தக்காரர் பெயரில் விழும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் எத்தனை கார்கள் அப்பா பெயரில் இருக்கின்றன! ஓட்டுவது பிள்ளை, இ-செலான் வருவது அப்பாவின் செல்லுக்கு. லைசென்ஸ் எண்ணின் மேல் புள்ளி போடுவதுதான் சரி. ஆனால் கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட் மட்டும். அதனால் சொந்தக்காரர் மேலேயே போடட்டும் என்பேன். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு யாராவது "எழுபது தாண்டியவர் ஆபத்தான ஓட்டுநர்" என்று வயதைப் பார்த்துப் பிரீமியம் ஏற்றினால் அது அநியாயம். 55 தாண்டியவர்களுக்கு லைசென்ஸே ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள். டாக்டர் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணை உண்மையாகவே சோதித்துக் கொடுக்கட்டும். தேறாதவர் ஓட்ட வேண்டாம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நானே இரவில் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் காரை எடுப்பதில்லை.

இப்போதைக்கு நமக்குக் கிடைக்கக்கூடியது ஒன்று. ஓட்டும் தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்தை 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதித்தது. ஓன் டேமேஜ் பகுதிக்குத்தான். ஆனாலும் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நம் கார்களுக்கு அது லாபம். ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் லைசென்ஸ் என்றைக்குக் காலாவதி ஆகிறது என்று எடுத்துப் பாருங்கள். காலாவதி தேதிக்குப் பிறகு முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019 சட்டத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.