பெயரோடு ஒரு படம்



இன்று கைத்தொலைபேசியில் நூறு படம் எடுத்தாலும் செலவில்லை. பிலிம் கமெராக் காலம் அப்படியல்ல. சாதாரண றோலில் 36 படங்கள். அகலமான பிலிம் என்றால் 12 தான். கழுவிப் பார்க்கும் வரை படம் எப்படி வந்தது என்றும் தெரியாது. அதனால் படம் எடுப்பவர்கள் முதலில் நன்றாகப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வை இருந்தது. அந்தப் பார்வையில் பெண்களாகிய நாம் யாராகத் தெரிந்தோம்? இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜூலியா மார்கரெட் கமரூன் பிலிமுக்கும் முந்தியவர். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தவர். 1863 இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமெராவோடுதான் தொடங்கினார். முகங்களை மிக நெருக்கமாக, சற்று மங்கலாக எடுத்தார். அது பிழையென்று பலர் சொல்லியும் அவர் மாற்றவில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள தோட்டத் தொழிலாளரையும் ஊரவரையும் படம் எடுத்தார். 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசன், டார்வின் போன்றோரின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். இலங்கைப் படங்களில் இருக்கும் பெண்களில் பலரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. முகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மற்றவர் ஹோமாய் வியாரவல்லா. 1913 இல் குஜராத்தில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என அறியப்படுபவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரிலேயே வெளிவந்தன. சேலை உடுத்தி, பாரமான கமெராவைத் தூக்கிக்கொண்டு, ஆண்களின் கூட்டத்துக்குள் நின்று வேலை செய்தார். அவர் பாவித்த றோலிபிளெக்ஸ் கமெராவை இடுப்பளவில் பிடித்து, குனிந்து பார்த்தே எடுக்க வேண்டும். தலைவர்கள் தங்களை மறந்திருக்கும் நொடிகளுக்காக அவர் காத்திருந்தார். ‘படம் எடுத்தல் தடை’ என்ற பலகைக்கு அருகே நேரு நிற்கும் படம் அவருடையதுதான். 1970 இல் இத்தொழிலை விட்டார். 2011 இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2012 இல் காலமானார்.

ஒருவர் எடுத்த படத்தில் இருந்தவர்களுக்குப் பெயரில்லை. மற்றவருக்கோ, எடுத்த படத்தில் தன் பெயரே இல்லை.

யுத்த காலத்திலும், 2004 சுனாமிக்குப் பின்பும், எங்கள் கரையோர ஊர்களுக்கு எத்தனையோ கமெராக்கள் வந்தன. எடுத்தவரின் பெயர் படத்தின் கீழே இருக்கும். அழுதுகொண்டிருப்பவள் வெறும் ‘பாதிக்கப்பட்ட பெண்’.

மாவடிப்பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கணவரின் ஞாபகமாக இருப்பது, அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். எடுத்தவருக்கு அது அன்றாட வேலை. அவளுக்கோ, பிள்ளைகளிடம் “இவர்தான் உங்கள் வாப்பா” என்று காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

ஆகவே சகோதரிகளே, உங்களைப் படம் எடுக்க வருபவரிடம், அது எதற்கு, எங்கே போடப்படும் என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். முகத்தைக் கமெரா காப்பாற்றும். பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.