மசாஜ்னா சிரிப்பு, சுளுக்குன்னா மரியாதை

போன மாசம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து எலைக்காரர் கேட்டாரு, "என்ன தொழில் பண்றீங் தம்பி?"

"மசாஜ் தெரபிஸ்ட்டுங்க. சொந்தமா பண்றேன்."

அவ்ளோதான். அவர் தன் மச்சானைப் பாத்தாரு. மச்சான் பாயசத்தைப் பாத்தாரு. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் ஒரே சிரிப்பு. எந்தச் சிரிப்புன்னு நான் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும் :)

கை கழுவற எடத்துல அதே ஆள் பின்னாடியே வந்தாரு. குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒரு மாசமா கழுத்து எடப்பக்கம் திரும்பவே மாட்டேங்குதுங். சித்தெ பாத்து உடறீங்ளா?"

இந்த ரெண்டுக்கும் நடுவுல தாங்க பதினோரு வருசமா என் பொழப்பு ஓடுது. மொதல் நாலு வருசம் ஒரு ஆயுர்வேத நிலையத்துல சம்பளத்துக்கு இருந்தேன். அப்புறம் தனியா. ஒரு ஸ்கூட்டர், ஒரு பாய், ரெண்டு வெள்ளைத்துணி, பையில தன்வந்தரம் குழம்பு, கற்பூராதி தைலம், முறிவெண்ணெய். பவுண்டரியில மூட்டை தூக்கற முதுகு, சோமனூர் விசைத்தறியில நின்னே தேஞ்ச முழங்கால், திருப்பூர் டைலர் தோள்பட்டை, சரவணம்பட்டி ஐடி கழுத்து.. எல்லாம் நம்ம வாடிக்கைதான். ஒரு நாளைக்கு நாலு பேர். அஞ்சாவது ஆளுக்கு என் கட்டைவிரல் ஒத்துழைக்காது. "ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோவா?"ன்னு பேரம் பேசறவங்க அந்த விரலையும் கணக்குல சேத்துக்கணும்.

சரி, விசயத்துக்கு வரேன். இது ஒண்ணும் நேத்து முளைச்ச தொழில் இல்லை. சித்த மருத்துவத்துல இதுக்குத் தொக்கணம்னு பேரு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்னு ஒன்பது வகை. நம்ம கோயமுத்தூர்லயே ஆர்ய வைத்திய பார்மசி 1943ல ஆரம்பிச்சது. எண்ணெயும் கையும் இந்த ஊருக்குப் புதுசா என்ன?

ஊர்ப்பக்கம் இந்த வேலையைச் செஞ்சது யாருன்னும் பேசிரணும். கொங்கு வெள்ளாளர் கல்யாணத்துல மங்கல வாழ்த்து பாடற குடிமகன் இருக்காரே, அவங்க வீடுகள்ல இருந்து வந்த கைகள்தான் எத்தனையோ ஊர்ல சுளுக்கு வழிச்சதும், பச்சக் கொழந்தைக்கு எண்ணெய் தேச்சு உருவி உட்டதும். பாட்டு வேணும், கை வேணும். ஆனா ஆளு திண்ணைக்கு அந்தப் பக்கம். கூலி தானியமா போகும். ஒடம்பைத் தொடற வேலையை ஒரு சாதி தலையில கட்டிட்டு, அந்த வேலையையே எளக்காரமா பாத்த பழக்கம் நமக்கு இன்னும் போகலை. இன்னிக்கு அதுக்கு மேல 'ஸ்பா' சிரிப்பும் சேந்துக்குச்சு.

தப்பு நடக்கற எடமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. பொண்ணுங்களை ஏமாத்திக் கூட்டிவந்து அடைச்சு வெக்கற எடங்கள் இருக்கு. போலீஸ் போகட்டும், போகணும். ஆனா அதோட சூடு யாரு மேல படுதுன்னு பாருங்க. என்னோட பயிற்சி எடுத்த ஒரு அக்கா பொம்பளைங்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் பண்றாங்க. அவங்களுக்கு வர்ற போன்ல பாதி ஆம்பளைக் குரல். மொதல் கேள்வியே "வேற என்னெல்லாம் உண்டு?" அந்தக்கா இப்ப போர்டுல இருந்து மசாஜ்ங்கிற வார்த்தையையே எடுத்துட்டாங்க.

சட்டமும் இதுல தடுமாறுது. 2021 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஸ்பா, மசாஜ் நிலையங்கள்ல சிசிடிவி கேமரா வெக்க நடவடிக்கை எடுக்கணும்னு உத்தரவு போட்டாரு. அடுத்த மாசமே, 2022 ஜனவரியில, மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அப்படி உள்ள கேமரா வெக்கறது 2017 புட்டசாமி தீர்ப்பு சொன்ன அந்தரங்க உரிமைக்கு எதிரானதுன்னு சொன்னாரு. நான் ரெண்டாவது கட்சி. துணி விலக்கிப் படுத்திருக்கற ஆளை யாரோ டிவியில பாத்துட்டு இருக்கறது சிகிச்சை ஆகாது.

ஆனா ரெண்டு பக்கமும் பேச்சு அறையைப் பத்திதான். அறையே இல்லாம ஸ்கூட்டர்ல சுத்தற என்னை மாதிரி ஆளுக்கு எந்தக் கேமரா?

என் கேள்வி வேற. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க. பெரியவர், இடுப்பு ஆபரேசன் ஆகி மூணு வாரம் படுக்கை. "கால் பிடிச்சுக்கிச்சு, நல்லா அழுத்தி உருவி உடுங்"கறாங்க. பாத்தா எடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டா சுடுது. எனக்குக் குலை நடுங்கிருச்சு. அது ரத்தக்கட்டியா இருந்து, நான் உருவப்போய் அது கழண்டு நுரையீரலுக்குப் போனா ஆளே போயிருவாரு. "நான் தொட மாட்டேங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னேன். மகனுக்கு அப்படி ஒரு கோவம். "வேலை தெரியாதவனெல்லாம் கெளம்பி வந்தர்றான்"னாரு. பெட்ரோல் காசு கூட வரலை. மறுநாள் போன் வந்துச்சு. ஸ்கேன்ல ரத்தக்கட்டியேதான்.

இதை எந்தக் கேமரா பாக்கும்? சொல்லுங்க.

அதனால நான் சொல்றது இதுதான். கடையைப் பதியறதை விட ஆளைப் பதியுங்க. ஒரு பரீட்சை வைங்க. எண்ணெய் பேரையும் ஒன்பது வகைத் தொக்கணத்தையும் மட்டும் கேக்காதீங்க. எங்க கை வைக்கக் கூடாது, யாரை டாக்டர்கிட்ட அனுப்பணும்னு கேளுங்க. தெரிஞ்சவனுக்கு போட்டோ ஒட்டின அட்டை குடுங்க. அட்டை இருக்கறவன் தப்பு பண்ணா புடுங்கிக்கோங்க.

"உத்யம்ல பதிஞ்சுக்கலாமே"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. 2020ல வந்த உத்யம் சான்றிதழ் என்கிட்டயும் இருக்கு. நான் சொல்றதை நானே நிரப்பி வாங்கினது. எனக்குன்னு ஒரு தொழில் இருக்குன்னு அது சொல்லும். எனக்குத் தொழில் தெரியும்னு சொல்லாது.

வெளிநாட்டுல இதை எவ்வளவு தீவிரமா எடுத்துக்கறாங்கன்னு பாருங்க. மசாஜ் உரிமம் பார்வையற்றவங்களுக்கு மட்டும்தான்கிற சட்டம் செல்லும்னு தென்கொரியாவோட அரசியல் சாசன நீதிமன்றம் 2008 அக்டோபர் 30ந் தேதி சொல்லுச்சு. மறுநாளே, 31ந் தேதி, தைவான்ல அதே மாதிரி சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு. முடிவு எதிரெதிர்தான். ஆனா ரெண்டு ஊர்லயும் கேள்வி, யாருக்கு இந்தத் தொழில் செய்ய உரிமைங்கறது. சிரிக்கற விசயமா யாரும் பாக்கலை. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 2008 தொழில் வகைப்பாட்டுல கூட மசாஜ் தெரபிஸ்ட்டு பிசியோதெரபி உதவியாளர்களோடதான் இருக்கான். நம்ம பந்தியில மட்டும்தான் பாயசத்தைப் பாத்து சிரிக்கறாங்க.

அந்தக் கழுத்துக்காரர் கதையை முடிக்கலையே.. "கை மரத்துப் போகுதுங்களா?"ன்னு கேட்டேன். "ஆமாங், எடது கையில ரெண்டு வெரலு"ன்னாரு. "அப்ப நான் தொடலைங்க, நரம்பு டாக்டரைப் பாத்துட்டு வாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்புறம் சட்டைப் பையில கைய விட்டு, "இதைச் சொன்னதுக்கு எவ்வளவுங்?"னு கேட்டாரு.

வாங்கிக்கலை. ஆனா தொடாம இருக்கறதும் வேலைதான்னு புரிஞ்சு கேட்ட மொத ஆள் அவர்தான். எலைக்கு முன்னாடி சிரிச்ச சிரிப்பை அதோட மன்னிச்சு உட்டுட்டேன்.

உங்க வீட்டுக்கு யாராவது எண்ணெய் பாட்டிலோட வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதுக்கெல்லாம் நீங்க கை வைக்க மாட்டீங்க?" உடனே பதில் சொல்ற ஆளை உள்ள விடுங்க. "எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்"கற ஆளை வாசலோட அனுப்பிருங்க.