டெட்டால் பாட்டிலைக் கீழே வையுங்கள்

நம் வீடுகளில் புண் என்று ஒன்று வந்துவிட்டால் எதையாவது தடவியே ஆகவேண்டும். குழந்தை முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால் டெட்டால். காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் மஞ்சள் பொடி, அது கைக்கு எட்டாவிட்டால் காபிப் பொடி. எதுவும் தடவாத புண்ணைப் பார்த்தால் நமக்குப் பொறுக்காது. இந்தப் பழக்கம் மனிதரோடு நின்றிருந்தால் பெரிய பாதகமில்லை. ராத்திரி மதில்மேல் சண்டை போட்டுவிட்டுக் காது கிழிந்து வரும் பூனையிடமும் அதே பாட்டிலோடு போகிறோம். ‘மனுஷனுக்கே போடறோம், பூனைக்குப் போட்டா என்ன?’ என்று கேட்காத வீடு குறைவு. இந்த நம்பிக்கை தவறானது. பல பூனைகளைப் படுக்கவைத்த தவறு.

டெட்டாலையே எடுத்துக்கொள்வோம். அதில் கிருமியைக் கொல்லும் சரக்கின் பெயர் குளோரோசைலினால். ஃபீனால் வகையைச் சேர்ந்தது. கூடவே பைன் எண்ணெயும் ஆல்கஹாலும் இருக்கின்றன. நம் உடம்புக்குள் கொஞ்சம் ஃபீனால் போனால் கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரையும்படி செய்து வெளியே தள்ளிவிடும். கோக்கும் இந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான நொதி ஒன்று பூனைக்கு இல்லை. அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கே இதே கதைதான் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இலைதழை தின்கிற விலங்குக்குத்தான் செடிகளின் விஷத்தை முறிக்கும் ஏற்பாடு அவசியம். கறியை மட்டுமே தின்று வந்த வம்சத்தில் அந்த ஏற்பாடு பழுதானபோது யாருக்கும் நஷ்டமில்லை. நாம் டெட்டாலோடு வந்து சேரும்வரை நஷ்டமில்லை.

தோலில்தானே போடுகிறோம், வயிற்றுக்கா கொடுக்கிறோம் என்று கேட்பவர்கள் பூனையை ஐந்து நிமிடம் கவனித்துப் பார்க்கட்டும். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை அது உடம்பை நக்குவதில் கழிக்கிறது. புதிதாக ஒரு வாசனை மேலே ஏறிவிட்டால் அதைப் போக்கும்வரை ஓயாது. பூனையின் மேல் தடவியது எதுவானாலும் கால்மணி நேரத்தில் பாதி வயிற்றுக்குள் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டே மருந்தைத் தொட வேண்டும். நக்கிய நாக்கும் வாயும் வெந்து, எச்சில் ஒழுகி, தட்டில் மீன் வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கும் பூனையை ‘சண்டையில பயந்துடுச்சு’ என்கிறோம். பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குகிற பூனைக்கும் இதே ஆபத்து உண்டு.

‘எங்க பூனைக்குப் பத்து வருஷமா டெட்டால்தான், ஒண்ணும் ஆகலையே’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நிறையத் தண்ணீர் கலந்திருப்பார்கள், தடவிய இடம் சின்னதாக இருந்திருக்கும், தப்பித்திருக்கும். தப்பித்த பூனைக்குத்தான் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. செத்த பூனையை எலி மருந்து தின்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இயற்கை வைத்தியக்காரர்கள் இந்த இடத்தில் மகிழ்ச்சியடைய வேண்டாம். கெமிக்கல்தான் கெடுதல், வேப்பெண்ணெய் நல்லது என்பது பூனை விஷயத்தில் தலைகீழான வாதம். செடி தயாரிக்கும் ரசாயனத்தைச் சமாளிக்கும் ஏற்பாட்டைத்தானே அந்த இனம் இழந்திருக்கிறது? வேப்பெண்ணெய் பூசிய பூனைகள் எச்சில் ஒழுக்கி, உடம்பு நடுங்கிக் கிடந்தது மருத்துவர்கள் பதிவு செய்த செய்தி. டீ ட்ரீ ஆயில் என்று சோப்புக் கடைகளில் விற்பது இன்னும் மோசம். மஞ்சள் பூனையைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சமையல் டப்பாவில் கரண்டி போய்வரும் பொடி சுத்தமான பொருளல்ல. ஈரப் புண்ணில் அது அப்பிக்கொண்டு காய்ந்தால், அடியில் சிவந்திருக்கிறதா, சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை.

வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே நொதிக் குறைதான் இங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பேறும், ஈறு நீலம் பாரிக்கும், முகம் வீங்கும். இதில் அளவு குறைத்துக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது.

எதையும் தடவாதே என்றால், உடனே மறுகோடிக்கு ஓடி, பூனை நக்கியே ஆற்றிக்கொள்ளும், விட்டுவிடு என்பார்கள். எச்சிலில் கிருமியைத் தடுக்கும் பொருள் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. அதே வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாவும் குடியிருக்கிறது. நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக நிற்கின்றன. எலும்பில் ஒட்டிய கறியை உரிப்பதற்கு வாய்த்த முட்கள். அவற்றால் திரும்பத் திரும்ப நக்கினால் மூடிவரும் தோல் மறுபடி பிய்ந்து, காசளவுக் காயம் உள்ளங்கை அளவாகும்.

வீட்டில் பார்க்கக்கூடிய காயம் எது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீளமாகக் கீறி ரத்தம் வந்த காயத்தைக் கண்டு பதறுகிறோம். அது பெரும்பாலும் ஆறிவிடும். பயப்பட வேண்டியது இன்னொரு பூனை கடித்த இடம். கோரைப்பல் ஊசிபோல உள்ளே இறங்கி, கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வருகிறது. மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் முடி நாலைந்து ஒட்டிக் காய்ந்த சின்னப் பொருக்கு, விலக்கிப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொன்று. அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் சூடேறி, மெத்தென்று வீங்கி, ஒருநாள் உடைந்து நாற்றமெடுக்கும் சீழாக வழியும். (எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்காலிலும், ஓடிய பூனைக்கு வாலடியிலும் கடி இருக்கும், வீரத்தை மறைக்க முடியாது.) பல் இறங்கிய புண்ணுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது, ஆன்டிபயாடிக் வேண்டும். வாய் பிளந்த காயம், கண் அருகிலோ மூட்டிலோ பட்டது, பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, இவையும் டாக்டரிடம்தான் போக வேண்டும். பூனை ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் புண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது தனி நோயாகிவிடும்.

மேலோட்டமான கீறலுக்கு வேண்டியது உப்புத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் தலைதட்டி உப்புப் போட்டு ஆறவைத்தால், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பூனையைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஊசி கழற்றிய சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவலாம். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். காஸ் துணி நல்லது. முடியைக் கத்தரிக்கோலால் நறுக்கப் போகாதீர்கள். பூனைத்தோல் மெல்லியது, முடியோடு கூடாரமாக எழும்பி வரும், தோலும் சேர்ந்து வெட்டுப்படும். ஏதாவது போட்டால்தான் மனம் ஆறும் என்றால், போவிடோன் அயோடினை இளம் டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒற்றி, துடைத்துவிடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதிதாக முளைக்கும் திசுவையும் கொல்பவை. எரிந்தால்தான் மருந்து என்பது நாமாக வைத்துக்கொண்ட சட்டம். நக்குவதைத் தடுக்கக் கழுத்துப்பட்டை விலை அதிகமென்றால், பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் புனல்போல் சுருட்டி, விளிம்பில் டேப் ஒட்டிக் கட்டுங்கள்.

டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது மட்டும் நான் மறுக்க முடியாத வாதம். தனியார் கிளினிக்கில் ஒரு சீழ்க்கட்டிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் திறந்திருப்பதல்ல, பூனையையும் கொண்டுபோகலாம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகாமல் மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்குவது சிக்கனம் ஆகாது.

புண்ணைக் கழுவும்போது பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, அங்கும் மஞ்சளைத் தேடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனைக்கும் வெறிநோய் வரும்; அதற்கான தடுப்பூசியை அங்கே காசில்லாமல் போடுகிறார்கள்.