அளந்தவர் யார்?

1903-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நான்சி நகரில் பிளாண்ட்லோ என்ற பௌதிகப் பேராசிரியர் ‘என்-கதிர்கள்’ என்னும் புதுக் கதிர்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இருட்டறையில் ஒரு மங்கலான ஒளி சற்றே பிரகாசமடைவதுதான் சான்று. மறு ஆண்டு அவருடைய சோதனைச் சாலைக்கு வந்த அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் உட், இருட்டில் யாரும் அறியாமல் கருவியிலிருந்த பட்டகத்தை எடுத்துவிட்டார். அப்போதும் அளவுகள் பழையபடியே வந்துகொண்டிருந்தன! பிளாண்ட்லோ பொய்யர் அல்லர். எதிர்பார்த்ததைக் கண் பார்த்தது, அவ்வளவுதான்.

சென்ற மாதம் அடுத்த வீட்டு நண்பர் ஒரு விளம்பரத்தோடு வந்தபோது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. அவருடைய மகன் நான்காம் வகுப்பு. கவனக்குறைவு – மிகைத்துடிப்புக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) என்று டாக்டர் கூறியிருக்கிறார். இது குறும்பும் அன்று, சோம்பலும் அன்று. சொன்னதை மனத்தில் நிறுத்தி, அவசரத்தை அடக்கி, எடுத்த வேலையை முடிக்கும் திறன் இச்சிறுவர்களுக்கு எளிதில் கைகூடுவதில்லை.

“கம்ப்யூட்டர் பயிற்சியால் மருந்தில்லாமலே சரியாகுமாம். பணம் கட்டலாமா, சார்?” என்றார்.

ஸ்வீடனில் கிளிங்பெர்க் குழுவினர் 7 முதல் 12 வயதுவரையுள்ள 53 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களின் நினைவாற்றல் சோதனை மதிப்பெண்கள் உயர்ந்தன. கவனமும் கூடியதாகப் பெற்றோர் கூறினர். ஆசிரியர்களின் மதிப்பீட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சையோடு நெருங்கியிருந்தவர்கள் மதிப்பிட்டால் கம்ப்யூட்டர் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாமே பலன் தந்தன. சிகிச்சை பெற்றது யார் என்று அநேகமாக அறியாதவர்களின் மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், கவனக்குறைவிலும் துடிப்பிலும் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பட்டகத்தை எடுத்தாயிற்று!

மருந்தில்லா வழி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பெற்றோருக்குத் தரும் நடத்தைப் பயிற்சியால் அவர்கள் பிள்ளையை நடத்தும் விதம் மேம்படுகிறது; பிள்ளையின் முரண்டும் குறைகிறது. விவரம் அறியாதவர்கள் மதிப்பிட்ட ஆய்வுகளிலும் இது தெரிகிறது. மருந்து வேண்டுமா என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

பணம் போவதுகூடப் பெரிதில்லை. பயிற்சி முடிந்தும் பையன் அப்படியே இருந்தால், “இவ்வளவு செலவழித்தும் திருந்தவில்லையே” என்ற பழி அவன் தலையில் விழும். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

நண்பர் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: முன்னேற்றம் என்று மதிப்பெண் போட்டவருக்கு, பயிற்சி பெற்ற பையன் எவன் என்று தெரியுமா? பதில் இன்னும் வரவில்லை.