கணக்குக் கேட்டதால் வந்த தேர்தல்



நம்ம கரிசக்காட்டுல பெரியவங்க இன்னைக்கும் பெருமையாச் சொல்ற தேர்தல் ஒண்ணு உண்டு. 1977 ஜூன். அதுவரை பரங்கிமலையில் நின்ற எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைக்கு வந்தார், ஜெயித்தார், ஜூன் 30-ல் முதலமைச்சரானார். அப்போ நாம ராமநாதபுரம் மாவட்டம். மானாவாரி பூமிக்கு ஒரு முதலமைச்சர்!

பெருமை இருக்கட்டும். அந்தத் தேர்தலுக்கு விதை எங்கே விழுந்தது?

1972 அக்டோபரில். தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். பொதுக்கூட்ட மேடையில் கேட்டார்: அமைச்சர்களும் கட்சிப் பொறுப்பாளர்களும் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும். உள்ளே பேச வேண்டியதை வெளியே பேசியது ஒழுங்கு மீறல் என்றது கட்சி. நீக்கியது. சில நாளிலேயே அ.தி.மு.க. பிறந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தபோதே காற்று திரும்பிவிட்டது.

1977-ல் நாலுமுனைப் போட்டி. தி.மு.க. உடைந்திருந்தது, காங்கிரஸ் 1969-லேயே உடைந்திருந்தது. ஜனதா தனியாக நின்றது. அ.தி.மு.க. வாங்கியது நூற்றுக்குச் சுமார் 30 ஓட்டு. கிடைத்தது 234-ல் 130 இடம். தி.மு.க.வுக்குச் சுமார் 25 ஓட்டு, ஆனால் 48 இடம்தான். அஞ்சு ஓட்டு வித்தியாசம் எண்பத்திரண்டு இடமாக விளைந்தது! கட்சிகள் உடைந்தால் தேர்தல் கணக்கே மாறிப்போகும்.

கடல் கடந்தும் இப்படி நடந்திருக்கு. முதல் உலகப் போர் சமயம், ஆஸ்திரேலியாவில் ஆண்ட தொழிலாளர் கட்சி ஒரே கேள்வியில் பிளந்தது: கட்டாயமாக ஆள் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பலாமா? பிரதமர் ஹியூஸ் அனுப்பலாம் என்றார். 1916 அக்டோபரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். மக்கள் முடியாது என்றார்கள். அவர் கட்சியை விட்டே வெளியேறினார். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஹோல்மனையும் கட்சி நீக்கியது. அவர் எதிரணியோடு சேர்ந்து 1917 மார்ச் தேர்தலில் ஜெயித்தார். ஆனால் குயின்ஸ்லாந்தில் ரயான் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நின்றார். அங்கே கட்சி உடையவில்லை, 1918-ல் திரும்ப ஜெயித்தது.

அங்கே பிள்ளைகளின் உயிர் பற்றிய கேள்வி. இங்கே பொதுப்பணம் பற்றிய கேள்வி. ரெண்டும் சாதாரண ஜனங்களின் கேள்விதான். அதனால்தான் தலைவர்கள் சண்டை தெருவுக்கு வந்தது.

ஆனால் ஜெயித்த பிறகு என்ன ஆகிறது? ஆள் நினைவில் இருக்கிறார், கேள்வி மறந்துபோகிறது. 1980-ல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குக்குப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி நம்மகிட்டதான் இருக்கு.

அன்று ஒருவரைக் கட்சியை விட்டு நீக்கிய கேள்வி இன்று சட்டம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் 2003-லிருந்து ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, துணைவர் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தேர்தலில் நிற்காத கட்சிப் பொறுப்பாளருக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. அந்தப் பாதி இன்னும் பாக்கி.

பருத்தி போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோம். தறிக்கு நூல் வாங்கினால் எடை பார்க்கிறோம். அஞ்சு வருஷத்துக்கு ஆட்சியைக் கையில் கொடுக்கும்போது மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் இந்தத் தேர்தலில் கொடுப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கூடியிருந்தால் எப்படின்னு கேளுங்க. எங்க வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தாலும் முதல்ல இதையே கேளுங்க. கேட்பது உங்க உரிமை. பதில் சொல்வது எங்க கடமை.

#அருப்புக்கோட்டை #திருச்சுழி #கணக்குக்கேட்போம்